மாடு கதறியதா, கத்தியதா? விலங்குகளைப் பற்றி நாம் எழுதும் தமிழ்

சாமந்தி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆவணப்படங்களுக்குத் தமிழில் வசனவரி (சப்டைட்டில்) எழுதுகிறேன். இப்போது கையில் இருப்பது பால்பண்ணைகளைப் பற்றிய ஒரு படம். அதில் ஒரு காட்சியில், பிறந்து சில மணி நேரமே ஆன கன்றைத் தள்ளுவண்டியில் கிடத்திக் கொண்டுபோகிறார்கள். கன்றின் உடம்பில் ஈரம்கூட இன்னும் காயவில்லை. தாய்ப்பசு கம்பிவேலிக்கு உட்புறமாக அந்த வண்டியோடு கூடவே நடந்து வருகிறது. வேலி முடியும் மூலையில் மேலே செல்ல வழியில்லாமல் நின்று, கழுத்தை நீட்டிக் குரல் கொடுக்கிறது. பின்னணியில் பேச்சே கிடையாது. அந்தக் குரலுக்கு நான் "மாடு கதறுகிறது" என்று எழுதினேன். சரிபார்த்த மூத்தவர் அதை "மாடு கத்துகிறது" என்று மாற்றி, "கதறுவது மனிதருக்கு உரியது, படத்தில் இல்லாத உணர்ச்சியை மொழிபெயர்ப்பவர் ஏற்றக் கூடாது" என்று ஓரத்தில் குறித்திருந்தார்.

அவர் சொல்லுக்குச் சொல் அக்கறையோடு பார்ப்பவர் என்பதால் அந்தத் திருத்தத்தை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் இல்லாத உணர்ச்சியை ஏற்றுவது பிழை என்றால், இருந்த உணர்ச்சியை இறக்கி வைப்பது மட்டும் எப்படிச் சரியாகும் என்ற கேள்வி என்னை விடவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூலத்தில் பேசுபவர் அந்தப் பசுவை "அவள்" என்றே குறிப்பிடுகிறார். தமிழில் "அவள்" என்று எழுதினால், வாசிப்பவர் திரையில் வேறு பெண் யாரேனும் வந்தாரா என்று தேடுவார். "அது" என்று எழுதினாலோ, தள்ளுவண்டியும் அது, கம்பிவேலியும் அது, பசுவும் அது என்று ஆகிவிடுகிறது. விலங்குகளிடம் நமக்குள்ள மனப்பான்மையை மொழி உருவாக்குகிறதா, அல்லது ஏற்கெனவே உள்ள மனப்பான்மைதான் மொழியில் வந்து படிகிறதா? விலங்கிலிருந்து பெறும் எதையும் பயன்படுத்தாமல் வாழ்பவரைக் குறிக்க, படத்தில் பலமுறை வரும் "வீகன்" என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

ஏட்டுச்சுவடி:

அம்மா, நான் நீண்ட காலம் தமிழாசிரியராக இருந்தவன். முதலில் உங்கள் மூத்தவருடைய திருத்தத்தைப் பார்ப்போம். குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும் என்று ஒலி மரபை நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அந்த வரிசையில் பசுவுக்கு உரிய வினை "கதறும்" என்பதுதான். ஆடுதான் கத்தும். ஆகவே மரபைக் காட்டி உங்கள் சொல்லை நீக்க இடமில்லை.

திணைக்கு வருகிறேன். "உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே" என்று தொல்காப்பியம் வகுத்தது. உயர்வு அல்லாத திணை என்பதே அஃறிணை என்ற பெயரின் பொருள்; கன்றை இழந்த பசுவையும் கருங்கல்லையும் அது ஒரே தட்டில் வைக்கிறது என்று நீங்கள் வருந்துவது நியாயமே. ஆனால் அதே நூலின் மரபியல் உலகத்தை வேறொரு கண்ணால் பார்க்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை முதலியன ஈரறிவு, எறும்பும் கறையானும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு, விலங்கு ஐயறிவு, மக்கள் ஆறறிவு என்று தொடுவுணர்விலிருந்து மனம் வரை ஒவ்வொரு படியாக அது ஏறிச் செல்கிறது. திணையை வகுத்த சொல்லதிகாரம் மதில் எழுப்பிய இடத்தில் மரபியல் ஏணி சார்த்தியிருக்கிறது என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. இளமைப் பெயர்களையும் பாருங்கள். "குழவி" என்ற பெயர் மனிதக் குழந்தைக்கும் உண்டு, யானைக்கன்றுக்கும் உண்டு. கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று இன்றும் நாம் சொல்லும்போது, நம் வீட்டுப் பிள்ளையை அழைக்கும் அதே சொல்லால்தான் பறவையையும் மரத்தையும் அழைக்கிறோம்.

மதிலிலும் ஒரு வாசல் வைத்தே கட்டியிருக்கிறார்கள். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறி வந்தாலும் அது இயல்பே என்று நன்னூல் வழுவமைதி கூறுகிறது. அதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு எது தெரியுமா? வீடு திரும்பும் ஒரு பசுவைப் பார்த்து ஒருவர் உவகையோடு "என் அம்மை வந்தாள்" என்று சொல்வது. இலக்கணம் வகுத்தவர்களும் மாட்டோடு பேசி வாழ்ந்தவர்கள்தாம்.

கொட்டில்:

நான் கால்நடைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஐயா கூறியதைப் படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் எங்கள் தொழிலில் பெரிய வேலையைச் செய்வது "அது", "அவள்" என்ற சொற்கள் அல்ல என்பது என் அனுபவம். ஒரு மாட்டுக்கு அதன் வாழ்நாளில் பெயர் பலமுறை மாறுகிறது. பிறந்தவுடன் கிடேரியா, காளைக்கன்றா என்று பார்க்கிறார்கள். பிறகு அது சினைமாடு, கறவைமாடு, பால் வற்றிய மாடு என்று ஆகி, கடைசியில் அடிமாடு என்று ஆகிறது. கோழியிலும் அப்படித்தான். உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும்போதே ஒன்று முட்டைக்கோழி, மற்றொன்று கறிக்கோழி. அதனிடமிருந்து நமக்கு என்ன வேண்டும் என்பதே அதன் பெயராகிவிடுகிறது.

ஒரு பசுவை முதல் ஈற்றிலிருந்து நான் பார்த்துவந்தேன். நெற்றியில் வெள்ளைச் சுழி இருக்கும். நான் உள்ளே போனால் சட்டைப்பையை முகர்ந்து பார்க்காமல் விடாது. நான்கு ஈற்றுக்குப் பிறகு சினை பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பதிவேட்டில் "கறவை" என்ற சொல்லை அடித்துவிட்டுப் பக்கத்தில் "கழிவு" என்று எழுதினார்கள். அப்போது அந்தப் பசு வெளியே தூணில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. முந்தைய நாளுக்கும் அன்றைக்கும் அதன் உடம்பில் எந்த வேறுபாடும் இல்லை. பின்னங்கால் குளம்பில் ஒரு புண் இருந்தது. முந்தைய வாரம்வரை அந்தப் புண்ணைப் பற்றி என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அன்று நான் மருந்துப்பெட்டியைத் திறந்தபோது, "அடிமாட்டுக்கு எதற்கு மருந்து?" என்று கேட்டார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர், கோபமாகவும் கேட்கவில்லை. "அடிமாடு" என்ற சொல் வந்த பிறகு அந்தக் கேள்வி அவர்களுக்கு இயல்பாகவே வந்துவிட்டது. நான் மருந்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வந்துவிட்டது.

எதிர்க்கேள்வி:

கொட்டில் அவர்களின் பதிவு என்னைக் கலங்கச் செய்தது. ஆயினும் அதிலிருந்தே ஒரு மறுப்பை முன்வைக்க வேண்டியிருக்கிறது. அங்கே முதலில் வந்தது கணக்கு. சினை பிடிக்காத மாட்டால் வருமானம் இல்லை என்ற முடிவு எடுக்கப்பட்ட பிறகே "கழிவு" என்ற சொல் பதிவேட்டுக்கு வந்தது. சொல்லை மாற்றியிருந்தால் மாடு பிழைத்திருக்குமா?

மொழியியல் படிப்பவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். சுவாகிலி மொழியில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. ஆனால் விலங்கைக் குறிக்கும் பெயர் எழுவாயாக வந்தால், வினை மனிதருக்குரிய வகுப்போடுதான் இயைந்து வரும். அதாவது அங்கே விலங்குக்கு உயர்திணை முடிபு இலக்கணப்படியே கிடைத்துவிடுகிறது. வட அமெரிக்கத் தொல்குடி மொழியான ஓஜிப்வேயில் உயிருள்ளவை, உயிரற்றவை என்ற இரண்டே பிரிவுகள். விலங்குகள் மட்டுமல்லாமல் கல்லும் சமையற்கலமும்கூட உயிருள்ளவற்றில் சேரும். இவ்விரு மொழிகளைப் பேசுவோரும் ஊன் உண்டே வந்திருக்கிறார்கள். மறுபுறம், தமிழில் நாம் "குழந்தை சிரித்தது", "குழந்தை அழுதது" என்று அஃறிணையில்தான் சொல்கிறோம். அதனால் யாரும் குழந்தையைக் கல்லாகக் கருதியதில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பீஃப், போர்க், மட்டன் என்று பிரெஞ்சு வழிச் சொற்கள் இறைச்சிக்கு நிலைத்தன. தொழுவத்தில் நிற்கும் விலங்குக்குப் பழைய சொல்லே நின்றது. இந்தப் பிளவினால் உண்பவர் விலங்கை மறக்க முடிகிறது என்பார்கள். அது முழு உண்மையானால் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, கோழிக்கறி என்று விலங்கின் பெயரை முன்னால் வைத்துச் சொல்லும் நமக்கு ஒவ்வொரு வாய்க்கும் உறுத்தல் வந்திருக்க வேண்டும். வரவில்லையே. சட்ட மொழியிலும் இதே நிலைதான். ஜெர்மனியின் உரிமையியல் சட்டத்தில் "விலங்குகள் பொருட்கள் அல்ல" என்று 1990இல் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதே பிரிவின் இறுதியில், வேறு விதி இல்லாதபோது பொருட்களுக்குரிய விதிகளே விலங்குகளுக்கும் பொருந்தும் என்று இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டு நிலையை அப்படியே வைத்திருப்பதும் மொழியால் முடியும்.

பசுந்தளிர்:

எதிர்க்கேள்வி அவர்களே, நான் ஒன்பது ஆண்டுகளாக வீகனாக வாழ்ந்து வருகிறேன். நீங்கள் சொன்ன கடைசி எடுத்துக்காட்டை வைத்தே தொடங்குகிறேன். "கோழிக்கறி" என்ற சொல்லை நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? இன்று பேச்சில் சிக்கன், மட்டன், பீஃப் என்றுதான் பெரும்பாலும் வருகிறது. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு செய்துகொடுத்ததை இப்போது நமக்கு ஆங்கிலம் செய்துகொடுக்கிறது. "கோழி" என்றால் மண்ணைக் கிளறும் ஓர் உயிர் நினைவுக்கு வரும். "சிக்கன்" என்றால் வராது. விலங்கின் பெயரைச் சொல்லி உண்பதில் நமக்கு உறுத்தலே இல்லை என்றால், அந்தப் பெயரை நாம் ஏன் இவ்வளவு விரைவாகக் கைவிட்டோம்?

இது என் ஊகம் மட்டுமன்று. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோனஸ் குன்ஸ்ட், சிக்ரிட் ஹோலே ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், உணவுப் பட்டியலில் இறைச்சியின் பெயருக்குப் பதிலாக "பசு", "பன்றி" என்று விலங்கின் பெயரையே எழுதிக் காட்டியபோது, அதை உண்ணும் விருப்பம் குறைந்தது. விலங்கின் மீது இரக்கம் கூடியது. சொல்லுக்கு எல்லா ஆற்றலும் உண்டு என்று நானும் சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ள இரக்கத்துக்குச் சொல் கதவைத் திறக்கலாம், சாத்தவும் செய்யலாம். அதற்கு மேல் எனக்கு வேண்டியதும் இல்லை.

சாமந்தி சந்தித்த சிக்கலை ஜேன் குடால் 1960களிலேயே சந்தித்திருக்கிறார். சிம்பன்சிகளைப் பற்றி அவர் அனுப்பிய முதல் ஆய்வுக் கட்டுரையில் "அவன்", "அவள்" என்று எழுதியிருந்ததை இதழாசிரியர் "அது" என்று திருத்தி அனுப்பினார். குடால் அதை மறுபடியும் "அவன்", "அவள்" என்றே மாற்றித் திருப்பி அனுப்பினார். திருத்துபவர்கள் தம் பக்கமே நடுநிலை என்று நம்புவது எல்லா மொழிகளிலும் நடக்கிறது.

எனக்கு அதைவிட உறுத்துவது வினைச்சொற்கள். "மாடு பால் கொடுக்கிறது" என்று எழுதுகிறோம். கொடுப்பதற்கு மனம் வேண்டும். அங்கே நடப்பது கறப்பது. "கறத்தல்" என்ற நேர்மையான வினை தமிழில் இருக்கிறது. ஆனால் சிறுவர் பாடங்களில் பசு எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. கொல்வதையும் நாம் "கொன்றார்கள்" என்று சொல்வதில்லை. "ஆடு அடித்தார்கள்", "கோழி உரித்தார்கள்" என்கிறோம். வள்ளுவர் இந்தப் போர்வையை இரண்டே சொற்களில் விலக்கினார். புலாலை அவர் "பிறிதொன்றன் புண்" என்று அழைத்தார். "உண்ணாமை வேண்டும்" என்ற அறிவுரையோடு அவர் நிற்கவில்லை. பொருளின் பெயரையே மாற்றிச் சொன்னார்.

ஏட்டுச்சுவடி:

பசுந்தளிர் அவர்களே, குறளில் அந்தத் தொடர் "பிறிதொன்றன் புண்அது உணர்வார்ப் பெறின்" என்று முடிகிறது. அதில் "உணர்வார்" என்ற சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெயரைச் சொன்னால் போதாது, உணர்பவர் வேண்டும் என்று அவரே நிபந்தனை வைத்திருக்கிறார். எதிர்க்கேள்வித் தம்பியின் ஐயத்துக்கு அங்கே இடம் இருக்கிறது.

நுணா:

நான் ஊன் உண்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த உரையாடலை மரியாதையோடு படித்துவருகிறேன். ஆனால் யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது. விலங்கைப் பற்றிய சொற்கள் மனிதரைத் தாழ்த்தவும் பயன்பட்டிருக்கின்றன. "புலால்" என்ற சொல்லுக்கு அருகிலேயே "புலை" என்ற சொல் நிற்கிறது. அது உணவைப் பற்றிய பேச்சாக மட்டும் இருந்ததில்லை, ஆட்களைப் பற்றிய தீர்ப்பாகவும் இருந்தது. இன்றைக்கும் ஒருவர் எதை உண்கிறார் என்பதைச் சொல்லி அவரை அவமதிக்கும் வசைகள் இருக்கின்றன. "சைவம்" என்ற சொல் ஒரு சமயத்தின் பெயரிலிருந்து உணவுக்கு வந்தது. "அசைவம்" என்பதோ, ஏதோ ஒன்று இல்லாதவர் என்று எங்களைக் குறைவைக் கொண்டு அடையாளப்படுத்தும் சொல். இந்தச் சொற்கள் உண்பவரின் தூய்மையைப் பற்றிப் பேசுகின்றன. உண்ணப்படும் உயிரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆகவே விலங்குகளுக்காகப் பேச வருபவர்கள் அந்தச் சொற்களையே எடுத்துக்கொண்டு வந்தால், கேட்பவர்களில் பாதிப்பேர் முதல் வாக்கியத்திலேயே காதை மூடிக்கொள்வார்கள். கொட்டில் அவர்கள் அந்தப் பசுவைப் பற்றி எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். அதில் "சைவம்" என்ற சொல்லே இல்லை. ஒருவேளை அதனால்தான் என்னால் அதைக் கேட்க முடிந்தது.

வசைகளைப் பற்றி இன்னொன்று. நாய், எருமை, கழுதை, பன்றி, குரங்கு என்று நாம் திட்டுவதெல்லாம் விலங்கைக் கொண்டுதான். எருமை மந்தம், நரி வஞ்சகம், பச்சோந்தி நம்பிக்கைத் துரோகம் என்று சிறு வயதிலேயே மனத்தில் எழுதிவிடுகிறோம். ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஆங்கிலத்தில் ஒரே கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்வார்கள். தமிழில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்தான் விழுகிறது.

சாமந்தி:

நுணா அவர்கள் எழுதியது நான் தயங்கிக்கொண்டிருந்த இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டது. படத்தில் வரும் "வீகன்" என்ற சொல்லுக்குச் சிலர் "நனிசைவம்" என்று எழுதுகிறார்கள். அழகான ஆக்கம்தான், "நனி" என்றால் மிகுதி. ஆனால் படத்தில் பேசுபவர் தன் தூய்மையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் பேசுவதெல்லாம் அந்தத் தள்ளுவண்டியைப் பற்றித்தான்.

பசுந்தளிர்:

நானும் இதே காரணத்தால்தான் என்னைப் பற்றிச் சொல்லும்போது "வீகன்" என்றே எழுதுகிறேன். 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் சில நண்பர்களும் "வெஜிடேரியன்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் சேர்த்து அந்தப் பெயரை ஆக்கினார்கள். பால், முட்டை, தோல், கம்பளி என்று விலங்கைப் பயன்படுத்துவதையும் வதைப்பதையும் இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை விலக்குவது என்பது அவர்கள் சங்கத்தின் வரையறை. அதில் உணவு ஒரு பகுதி மட்டுமே. "நனிசைவம்" என்றால் "சைவத்தில் இன்னும் கண்டிப்பானவர்" என்று பொருளாகி, பேச்சு மறுபடியும் தட்டுக்குள் போய்விடுகிறது. தோல் செருப்பும் பட்டு நூலும் விடுபட்டுப் போகின்றன. "நனிசைவம்" என்பதை விரும்பி எழுதும் நண்பர்கள் எனக்கு உண்டு. தமிழ்ச்சொல் வேண்டும் என்ற அவர்களுடைய ஆசையை நான் மதிக்கிறேன். ஆனாலும் மூச்சுக்கு மூச்சு விளக்கவேண்டிய தமிழ்ச்சொல்லைவிட, ஒருமுறை விளக்கினால் போதுமான கடன்சொல் எனக்கு மேலாகப்படுகிறது.

எதிர்க்கேள்வி:

பெயர்களைப் பற்றிப் பேசுவதால் இதைச் சொல்கிறேன். பிற நாடுகளில் சொற்களுக்காக நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். முழுவதும் தாவரத்தால் ஆன ஒரு பொருளை "பால்", "வெண்ணெய்", "பாலாடைக்கட்டி" என்ற பெயர்களில் விற்கக் கூடாது, "தாவர" என்ற அடைமொழி சேர்த்தாலும் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. தேங்காய்ப்பால் போன்ற நெடுநாள் வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. சொல்லுக்கு ஆற்றலே இல்லை என்றால் இவ்வளவு முயற்சி எடுத்து அதற்கு வேலி போட மாட்டார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. என் முதல் பதிவில் நான் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன்.

தமிழில் இந்த வழக்கு எழுந்திருக்கவே முடியாது என்று தோன்றுகிறது. கள்ளிப்பால், எருக்கம்பால், பலாப்பால் என்று செடியிலிருந்து வடிவதையெல்லாம் நாம் பால் என்றே சொல்கிறோம். நெற்கதிர் முற்றுவதற்கு முன் பால் பிடிக்கிறது. அந்தச் சொல் பசுவுக்கு மட்டும் உரியதாக இங்கே ஒருபோதும் இருந்ததில்லை.

ஆனால் சாமந்தியின் மூல வினாவில் எனக்கு ஓர் ஐயம் மீதம் இருக்கிறது. "கதறும்" என்பது ஒலி மரபு என்று ஐயா சொன்னார். அப்படியானால் அது பசுவின் எந்தக் குரலுக்கும் பொதுவான பெயர் ஆகிறது. துன்பத்தைச் சொல்லும் சொல் ஆகாது. ஆந்தை அலறும் என்பதால் ஆந்தை அஞ்சியிருக்கிறது என்று நாம் கொள்வதில்லை. மரபைக் காட்டி அந்தச் சொல்லைக் காப்பாற்றினால், அதன் பொருளை இழந்துதான் காப்பாற்ற முடியும்.

கொட்டில்:

இந்த ஐயத்துக்குத் தொழுவத்தில் விடை இருக்கிறது. பசுவுக்கு ஒரே குரல் இல்லை. கன்று பக்கத்தில் இருக்கும்போது வாயைத் திறக்காமல், அல்லது பாதி திறந்து, அடித்தொண்டையில் மெதுவாக ஒலி எழுப்பும். நாம் பக்கத்தில் நின்றால் காதில் விழுவதற்கு முன் அதன் கழுத்தின் அதிர்வு கையில் தெரியும். ஈன்ற சில நிமிடங்களில், கன்றை நக்கிக்கொண்டே இப்படிக் குரல் கொடுக்கும். கன்றைப் பிரித்துவிட்டால் அந்தக் குரல் மறைந்து வேறொன்று வரும். கழுத்தை நீட்டி, வாயை முழுவதும் திறந்து, உச்சத்தில் இழுத்துக் கூப்பிடும். இரண்டும் அலைவெண்ணில் வேறுபட்டவை என்று ஆய்வாளர்களும் பதிவு செய்து காட்டியிருக்கிறார்கள். சாமந்தி அவர்களின் படத்தில் பசு கழுத்தை நீட்டியிருந்தது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். அது இரண்டாவது குரல். சில மாடுகள் ஒரு நாளில் ஓய்ந்துவிடும். சில மாடுகள் மூன்று, நான்கு நாட்கள் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு இரவுப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், "கத்துகிறது" என்ற சொல் அதற்குப் பொருந்தாது.

ஏட்டுச்சுவடி:

கொட்டில் அவர்கள் சொன்ன இரண்டு குரல்களையும் வேறுபடுத்தித் தமிழ் எப்போதோ கேட்டிருக்கிறது. "கனைத்திளங் கற்றெருமை கன்றுக் கிரங்கி, நினைத்து முலைவழியே நின்றுபால் சோர" என்று ஆண்டாள் திருப்பாவையில் பாடுகிறார். அங்கே எருமை கனைக்கிறது, கன்றுக்காக இரங்குகிறது, நினைக்கிறது. இரங்குவதும் நினைப்பதும் மனத்தின் தொழில்கள். நுணா அவர்கள் சொன்னபடி நாம் மந்தத்துக்கு உவமையாக்கி வைத்திருக்கும் அதே எருமைக்குத்தான் அவர் அந்த வினைகளைக் கொடுத்தார். ஆகவே உங்கள் மூத்தவர் கேட்டால், விலங்குக்கு மனத்தின் வினையைத் தருவது மொழிபெயர்ப்பில் புகுந்த புதுமை அன்று என்று பணிவோடு சொல்லுங்கள்.

"அவள்", "அது" சிக்கலுக்கு ஓர் எளிய வழி இருக்கிறது, அம்மா. நம் வினைமுற்றுதான் திணையைக் காட்டும். பெயரெச்சமும் வினையெச்சமும் காட்டா. "வந்தாள்", "வந்தது" என்று எழுதினால் மதிலின் ஒரு பக்கம் நின்றுவிடுவீர்கள். "வேலியோரம் கூடவே வரும் தாய்" என்று எழுதினால் அந்தத் தொடர் யாருக்கும் பொருந்தும். வசனவரிக்கு முற்று கட்டாயம் இல்லையே.

நுணா:

ஐயா கடைசியாகச் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. "தாய்" என்று படித்தவுடன் யாரும் தட்டைப் பற்றி நினைக்க மாட்டார்கள்.

சாமந்தி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுவதும் அமர்ந்து அந்தப் பகுதியைத் திருத்தினேன். கன்று பிறந்த காட்சிக்கு "அடிக்குரலில் கன்றோடு பேசும் பசு" என்று எழுதியிருக்கிறேன். தள்ளுவண்டிக் காட்சிக்கு "வேலியோரம் கூடவே வரும் தாய்" என்றும், மூலையில் நிற்கும்போது "கதறல்" என்று ஒரே சொல்லும் இட்டிருக்கிறேன். திணை எங்கும் தலைகாட்டவில்லை. "வீகன்" என்பதை அப்படியே வைத்து, முதல் முறை வரும்போது மட்டும் "விலங்கைப் பயன்படுத்தாமல் வாழ்பவர்" என்று விளக்கம் சேர்த்தேன்.

கொட்டில் அவர்கள் எழுதிய இரண்டு குரல்களைப் பற்றியும், ஐயா காட்டிய பாசுர வரியையும் மூத்தவரிடம் சொன்னேன். அவர் அந்தக் காட்சியை ஒலியோடு மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தார். முதல் முறை ஒலியைக் குறைத்துவைத்துச் சரிபார்த்ததாகச் சொன்னார். "கதறல்" நிற்கிறது.

படத்தின் கடைசிப் பகுதியில் பண்ணைக்காரர், தொழிலுக்கே உரிய ஒரு சொல்லால் "கழிக்கப்படும் மாடுகள்" என்று பொருள்படப் பேசுகிறார். அது அவர் சொல் என்பதால் நான் மாற்றவில்லை. அடுத்த வரி படம் எடுத்தவரின் குரல். அங்கே "கறவை நின்றதும் கொல்லப்படும் மாடுகள்" என்று எழுதினேன். மூத்தவர் "கொல்லப்படும்" என்ற சொல்லின்மேல் பென்சிலால் சுழித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார். நாளை காலை அதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்.